பரீட்சை ஆண்டில் பசியும் விளையாட்டும்



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் உங்களிடம் உணவைப் பற்றியும் விளையாட்டைப் பற்றியும் பேசினால், "இதற்கும் புள்ளி உண்டா?" என்ற கேள்விதான் முதலில் எழும். சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடத்தைத் தெரிவு செய்தவர்களுக்கு உண்டு. ஏனையோரின் வினாத்தாளில் இது வராது. ஆயினும் ஒன்பது பாடங்களையும் எழுதப்போவது ஒரே உடம்புதான். பதினோராம் தரத்திற்கு வந்ததும் நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி முதலில் கைவிடப்படுபவை காலை உணவும் மாலை விளையாட்டும். இது தவறான கணக்கு என்பது என் கருத்து. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் நீங்கள் மட்டுமல்லர் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

காலை உணவை எடுத்துக்கொள்வோம். இரவு எட்டரை மணிக்குச் சாப்பிட்ட ஒரு மாணவி, காலையில் வெறுந்தேநீருடன் புறப்பட்டு, பத்தரை மணி இடைவேளையில் ஒரு ரோல்ஸ் வாங்கி உண்கிறாள் என வைத்துக்கொள்ளுங்கள். இடையில் கழிந்தவை பதினான்கு மணித்தியாலங்கள். அதற்குள் நான்கு பாடவேளைகள் முடிந்துவிடுகின்றன. மூளை தன் வேலைக்கு முக்கியமாக நம்பியிருப்பது குருதியில் உள்ள குளுக்கோசை என்பதை விஞ்ஞான பாடத்தில் படித்திருப்பீர்கள். காலைக் கூட்டத்தில் வெயிலில் நின்று மயங்கி விழுந்தவரை நிழலில் கிடத்தியதும் ஆசிரியர் முதலில் கேட்பது என்ன? "காலையில் ஏதும் சாப்பிட்டாயா?" என்பதுதான். விழாமல் நின்றுகொண்டிருப்பவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

"சாப்பிடாதது உன் சோம்பல்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆறு மணி வகுப்புக்கு ஓடுபவர், ஏழு மணிக்கு முன் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர், தாய் விடியலிலேயே கொழுந்து பறிக்கவோ கூலி வேலைக்கோ போய்விடும் வீட்டில் இருப்பவர் என்று பலவகை மாணவர் உள்ளனர். வீட்டில் உண்மையிலேயே ஒன்றும் இல்லாதவரும் இருக்கிறார். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலைகள் முந்திய ஆண்டின் அதே மாதத்திலும் பார்க்க 94.9 சதவீதம் உயர்ந்திருந்தன. அன்று பல வீடுகளின் தட்டிலிருந்து முட்டையும் மீனும் எழுந்து போயின. எல்லா வீடுகளுக்கும் அவை திரும்பி வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அரசின் பாடசாலை உணவுத் திட்டமும் பெரும்பாலும் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளையே கருதியது. பதினாறு வயதில் பசி அதிகம். அந்த வயதினருக்கென ஒரு தட்டும் வைக்கப்படவில்லை.

ஆகவே சத்துணவு என்றதும் அப்பிளையும் ஓட்சையும் படம் போட்டுக் காட்டும் சுவரொட்டிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் பக்கத்தில் கிடைப்பவற்றைச் சொல்வோம். அவித்த பயறு, கௌபி, கடலை, குரக்கன் புட்டு, முருங்கை இலை வறை, வல்லாரைச் சம்பல், நெத்தலிக் கருவாடு, பப்பாசி, கொய்யா, நெல்லிக்காய். இவற்றுட் சில வேலியிலேயே நிற்பவை. சேர்த்து உண்ணும் முறையும் முக்கியம். தேநீரில் உள்ள தனின், கீரையிலும் பருப்பு வகைகளிலும் உள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. விற்றமின் சி அதைக் கூட்டுகிறது. எனவே கீரை வறைக்கு மேல் சிறிது தேசிப்புளி விட்டு உண்பதும், சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிப்பதும் செலவில்லாத வைத்தியம். மாதவிடாயால் இரும்பை இழக்கும் மாணவியர் இதை இரண்டு தடவை வாசிக்கவும். (திருக்குறளில் "மருந்து" என்ற 95ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். 942 தொடக்கம் 947 வரையுள்ள ஆறு குறள்களும் உண்ணும் முறையையே பேசுகின்றன.)

ஆனால் உணவு வீட்டில் இருந்தும் பாடசாலைக்கு வராத ஒரு காரணம் உண்டு. அது வெட்கம். அம்மா கட்டித் தந்த புட்டையும் சம்பலையும் மேசைக்குக் கீழே வைத்து, மூடியைப் பாதி திறந்து அவசரமாக விழுங்குபவர்களை நீங்கள் அறிவீர்கள். கருவாட்டு வாசம் வந்தால் முகம் சுளிக்கும் நண்பரையும் அறிவீர்கள். கையில் ரோல்சும் குளிர்பானமும் இருப்பது வசதியின் அடையாளம், சாப்பாட்டுப் பெட்டி வறுமையின் அடையாளம் என்ற எண்ணம் வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டது. பாடசாலையில் எத்தனை சுகாதார தினம் நடத்தினாலும் இந்த எண்ணம் இருக்கும்வரை அந்த மூடி முழுதாகத் திறக்காது. இதை அதிபர் சுற்றறிக்கையால் மாற்ற முடியாது. பக்கத்தில் இருந்து சாப்பிடும் நீங்கள்தான் மாற்றலாம்.

சிற்றுண்டிச்சாலையின் கதை வேறு. எவ்வகை உணவுகளை விற்கலாம், எவற்றை விற்கலாகாது என்று கல்வி அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டுள்ளது. எனினும் பல பாடசாலைகளில் சிற்றுண்டிச்சாலை கேள்விப்பத்திரம் கோரி குத்தகைக்கு விடப்படுகிறது. கூடிய தொகை கேட்டவருக்கு இடம் கிடைக்கிறது. அவர் அந்தத் தொகையை இருபது நிமிட இடைவேளைகளில் திருப்பி எடுக்க வேண்டும். கோதுமை மாவில் செய்து எண்ணெயில் பொரித்த பண்டத்துக்குத் தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம், பகல்வரை பழுதாகாது. அவித்த கடலைக்கும் இலைக்கஞ்சிக்கும் அந்த வசதி இல்லை. ஆகவே கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. குத்தகைத் தொகையைக் குறைத்து, அதற்கு ஈடாகத் தினமும் இரண்டு அவித்த உணவும் ஒரு பழமும் விற்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் உங்கள் பெற்றோர் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

குளிர்பானத்தைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். 2016 ஆகஸ்ட் முதல் இலங்கையில் இனிப்புப் பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு வந்தது. அப்போதைய விதிப்படி 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவாயின் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். அவ்வாறாயின் 400 மில்லிலீற்றர்ப் போத்தலில் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராம் வீதம் 44 கிராம் சீனி. ஐந்து கிராம் கொள்ளும் தேக்கரண்டியால் ஏறத்தாழ ஒன்பது கரண்டி. 2,000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவர் நாள் முழுவதிலும் உட்கொள்ளும் சேர்த்த சீனி 50 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரையிலிருந்து வரும் கணக்கு. உங்கள் தேநீரில் போடும் சீனி இன்னும் இதில் சேரவில்லை.

இனி விளையாட்டு. ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை எல்லோருக்கும் உரிய சுகாதாரமும் உடற்கல்வியும், பத்தாம் தரத்தில் தெரிவுப் பாடமாகிவிடுகிறது. வேறு பாடத்தை எடுத்தவருக்கு அந்தப் பாடவேளைகளும் இல்லாமற் போகின்றன. கீழ் வகுப்புகளில்கூட, பாடத்திட்டம் முடியவில்லை என்று வேறு பாட ஆசிரியர் கடன் கேட்பது பெரும்பாலும் உடற்கல்விப் பாடவேளையைத்தான். அந்தக் கடன் திருப்பித் தரப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"எங்கள் பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி சிறப்பாக நடக்கிறதே" என்பீர்கள். நடக்கிறது. அணிநடை, இல்ல அலங்காரம், அஞ்சலோட்டம் எல்லாம் அழகுதான். ஆனால் எண்ணிப் பாருங்கள்: ஒவ்வோர் இல்லத்திலும் ஓடியவர் எத்தனை பேர், கூடாரத்தில் இருந்து கைதட்டியவர் எத்தனை பேர்? வேகமாக ஓடக்கூடியவரைத் தேடுவது மெய்வல்லுநர் போட்டி. மெதுவாக ஓடுபவருக்கும் மூச்சு வாங்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் உடற்றகுதி. 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்றாக இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவது ஓட்ட வீரருக்காக மட்டுமன்று. வகுப்புக்குச் சைக்கிளில் போய்வருவதும், கயிறடிப்பதும், கிளித்தட்டு விளையாடுவதும் அந்த 60 நிமிடத்தில் சேரும். மைதானம் இல்லாத பாடசாலைகளுக்கும் இது பொருந்தும்.

உடற்றகுதியை மெலிவு என்று எண்ணி இரவுச் சாப்பாட்டை நிறுத்துபவர்கள் கவனிக்க: 18.5 முதல் 24.9 வரை என்ற உடற்றிணிவுச் சுட்டி வளர்ந்தோருக்கு உரியது. உங்கள் வயதில் அதை வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற அட்டவணையில் வைத்தே பார்க்க வேண்டும்.

மாணவியர் நிலைமை இன்னும் கடினம். பதின்மூன்று, பதினான்கு வயதில் "பெரிய பிள்ளையாகிவிட்டாய்" என்ற ஒரு சொல்லோடு பலருடைய விளையாட்டு நின்றுவிடுகிறது. அத்துடன் தண்ணீரும் நின்றுவிடுகிறது. பாடசாலைக் கழிப்பறைக்குப் போக விரும்பாமல் காலை முதல் பகல் ஒன்றரை மணிவரை ஒரு மிடறும் குடிக்காத மாணவியர் உள்ளனர். தலையிடியும் சிறுநீர்த் தொற்றும் அதனால் வருபவை. மாணவர் பாராளுமன்றத்தில் நீங்கள் கொண்டுவரக்கூடிய பிரேரணைகளில் முதலாவது, பூட்டும் தண்ணீரும் உள்ள கழிப்பறையாக இருக்கட்டும். அதைக் கேட்க வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர்.

மாலை வகுப்பு நடத்தும் ஒருவர் விளையாடப் போகச் சொல்கிறாரே என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கலாம். பிற்பகல் இரண்டரை முதல் இரவு ஏழு வரை மூன்று இடங்களில் மூன்று பாடங்கள் படிக்கும் மாணவர், கடைசிப் பாடத்தில் என் முகத்தைப் பார்க்கிறாரே தவிர நான் சொல்வதைக் கேட்பதில்லை என்பது கரும்பலகைக்கு முன் நிற்கும் எனக்குத் தெரிகிறது. நேர அட்டவணை மனிதர் எழுதியது, கேட்டால் மாற்றலாம். ஐந்து பேர் சேர்ந்து உங்கள் வகுப்பு ஆசிரியரிடம் வாரத்தில் இரண்டு மாலைகளை நாலரை மணிக்குப் பின் விட்டுத் தருமாறு கேளுங்கள். நான் புதன்கிழமை மாலை வகுப்பை நிறுத்தியபோது இரண்டு பெற்றோர் தம் பிள்ளைகளை வேறிடம் மாற்றினார்கள். மற்றவர்கள் இருக்கிறார்கள். புதன்கிழமை மாலையில் பக்கத்துக் காணியில் எல்லே விளையாட்டு நடக்கிறது; பந்து அடிக்கடி என் கூரையில் விழுகிறது.