யூரியாவும் வெயிலும் போதுமா?

சாங்கி கடற்கரைப் பூங்காவில் நின்றால் தலைக்கு மேலே விமானங்கள் தாழப் பறந்து தரையிறங்கும். எதிரே கடல், ஆண்டு முழுவதும் வெயில். இந்த வெயிலைக் கொண்டு நீரைப் பிரித்து, கிடைக்கும் ஹைட்ரஜனில் விமானத்தைப் பறக்கவிட முடியாதா என்று அங்கு நிற்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

இது வெறும் கனவன்று. சாங்கி விமான நிலையத்தில் ஹைட்ரஜன் மையம் அமைப்பது பற்றி ஆராய 2022 பிப்ரவரியில் ஏர்பஸ், லிண்ட நிறுவனங்களுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2050க்குள் நமது மின்தேவையில் பாதிவரை ஹைட்ரஜனிலிருந்து கிடைக்கலாம் என்கிறது அதே ஆண்டு வெளியான தேசிய ஹைட்ரஜன் உத்தி. ஆனால், உலகில் இன்று தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. அதில் கரியமில வாயுவும் சேர்ந்தே வெளியேறுகிறது.

ஒளியால் நீரைப் பிரிக்கலாம் என்று ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972லேயே காட்டினர். அவர்கள் பயன்படுத்திய டைட்டானியம் டை ஆக்சைடு மலிவானது. ஆனால், வெயிலின் சிறு பகுதியான புறஊதாக் கதிரையே அது உட்கொள்ளும். 2021ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 100 சதுர மீட்டர் பரப்பில் வேறொரு ஒளி வினையூக்கியைச் சோதித்தனர். வெயிலின் ஆற்றலில் அதிகபட்சம் 0.76 விழுக்காடுதான் ஹைட்ரஜனாக மாறியது. அதற்கும் ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகம் தேவைப்பட்டது.

உரமாகப் பயன்படும் யூரியாவைச் சூடாக்கியே கார்பன் நைட்ரைடு என்ற வினையூக்கியைச் செய்யலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அது வேலை செய்யும். ஆனால், ஹைட்ரஜன் நன்றாக வெளிவர அதன்மேல் பெரும்பாலும் சிறிது பிளாட்டினம் சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் நிக்கல், கோபால்ட் போன்ற மலிவான உலோகங்களை வைக்க முடியுமா என்பதே இன்றைய முக்கியக் கேள்வி.

எனவே மாணவர்களே, இத்துறையில் ‘புதிய சாதனை’ என்று செய்தி படித்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பயன்பட்டது வெயிலா, ஆய்வுக்கூட விளக்கா? வெறும் நீரா, மெத்தனால் போன்ற துணைப்பொருள் கலந்த நீரா? எத்தனை மணிநேரம் தாக்குப்பிடித்தது? ஒரே வாரத்தில் செயலிழக்கும் வினையூக்கி என்ன விலைக்குக் கிடைத்தாலும் மலிவன்று.

கழிவுநீரைச் சுத்திகரிக்கும் திட்டத்தை 1974ல் தொடங்கிய சிங்கப்பூர், செலவு கட்டுப்படியாகாமல் அதைக் கைவிட்டது. சவ்வுத் தொழில்நுட்பம் மலிவானபின் 2003ல் புதுநீர் வந்தது. இன்று சாங்கியிலும் புதுநீர் ஆலை இயங்குகிறது.

வெயிலை விரித்துப் பிடிக்க நம்மிடம் நிலம் போதாது. ஹைட்ரஜனை நாம் இறக்குமதி செய்ய நேரலாம். ஆனால், அதை உருவாக்கும் மலிவான வினையூக்கி நம் ஆய்வுக்கூடத்தில் பிறக்கலாம். அதற்கு இன்று வேதியியல் வகுப்பில் அமர்ந்திருக்கும் நீங்கள்தான் வேண்டும்.