மிரட்டுகிறவனின் மூலதனம்

சென்ற மாதக் கூட்டத்தில் நம் சங்கத்தின் முன் ஒரு தீர்மானம் வந்தது. "பிளஸ் டூ முடிக்கும்வரை உறுப்பினர் வீட்டுப் பெண் பிள்ளைகள் கையில் செல்போன் கொடுப்பதில்லை" என்பது அதன் வாசகம். முன்மொழிந்த பெரியவர் மட்டாஞ்சேரி பஜார் கிடங்குகளில் முப்பது வருடம் மூட்டை சுமந்தவர். மூன்று பெண்களைப் பெற்றவர். ஒரு மாதம்கூடச் சந்தா பாக்கி வைக்காதவர். அவருடைய நோக்கத்தைச் சந்தேகிக்கும் யோக்கியதை நமக்கில்லை. கைதட்டல் பலமாகவே இருந்தது. நேரமாகிவிட்டதால் வாக்கெடுப்பு அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளிப்போனது. கிடைத்த இந்த அவகாசத்தில் நம் கருத்தை ஒளிவுமறைவின்றி எழுதிவிடுகிறோம். இந்தத் தீர்மானம் தோற்க வேண்டும்.

தீர்மானம் எதனால் வந்தது என்பது பலர் காதிலும் விழுந்திருக்கும். எந்தத் தெரு, யார் வீடு என்று நாம் எழுதப் போவதில்லை. எழுதுவது சட்டப்படியும் குற்றம். நடந்தது இவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை. வகுப்பில் அவளுக்குப் "பாண்டி" என்று பட்டம். மலையாளம் சரளமாகப் பேசுகிற பிள்ளைதான்; இருந்தாலும் பட்டம் போகவில்லை. இன்ஸ்டாகிராமில் கோயம்புத்தூர்ப் பெண் என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆள் தமிழில் பேச்சுக் கொடுத்தது. இரண்டு மாதம் சினிமா, பாட்டு, பரீட்சை என்று பேசி, பிறகு ஒரு படம் கேட்டது. அனுப்பினாள். மறுநாளே அந்தப் 'பெண்' ஆணாகிவிட்டான். இன்னும் படம் வேண்டும், இல்லையேல் பணம் வேண்டும், உன் அப்பாவின் நம்பர் என்னிடம் இருக்கிறது என்றான். தாய் சீட்டுக்காகச் சேர்த்து வைத்திருந்த ரூபாயிலிருந்து ஐந்நூறு, ஆயிரம் என்று எடுத்துத் தெரிந்த கடையில் கொடுத்து, அந்தக் கடை போன் வழியாகவே அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பதினொரு வாரம். சீட்டுப் பணத்தை எண்ணிப் பார்த்த அன்றுதான் தாய்க்கு விஷயம் தெரிந்தது.

அந்தத் தாய் நம்மிடம் வந்து அழுதபோது சொன்ன ஒரு பேச்சை இங்கே அப்படியே தருகிறோம். "அண்ணே, ஏண்டி எங்கிட்டச் சொல்லலைன்னு கேட்டேன். சொன்னா போனப் புடுங்கிருவீங்க, பள்ளிக்கூடத்த நிறுத்திருவீங்க, ஊருக்கு அனுப்பிக் கட்டிக் குடுத்துருவீங்கன்னு சொல்லுதா. நான் வாயடைச்சுப் போயிட்டேன். ஏன்னா அதத்தான் செஞ்சிருப்போம்."

தோழர்களே, இதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த அயோக்கியன் கையில் கத்தி இல்லை, ஆள்பலம் இல்லை. அவன் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறான் என்பதே தெரியாது. அவனுடைய ஒரே மூலதனம், அந்தப் பிள்ளை தன் வீட்டாருக்குப் பயப்படுகிறாள் என்பதுதான். அந்த மூலதனத்தைப் போட்டுக் கொடுத்தவர்கள் நாம். இப்போது தீர்மானம் நிறைவேற்றி அதற்கு வட்டியும் கட்டப் பார்க்கிறோம். நாளை இன்னொரு பிள்ளையை இன்னொருவன் மிரட்டும்போது, "உங்கள் சங்கமே போன் கூடாது என்று முடிவு போட்டிருக்கிறதே, சொல்லிப் பாரேன்" என்பான்.

பொள்ளாச்சியை நாம் மறந்துவிடவில்லை. பழகி, ஏமாற்றி, வீடியோ எடுத்து மிரட்டிய அந்தக் கும்பல் பிடிபட்டது 2019-ல் ஒரு கல்லூரி மாணவி தன் வீட்டில் வாயைத் திறந்ததால். அவளுக்கு முன்னால் சிக்கியவர்கள் வாயைத் திறக்க முடியாமல் தவித்தவர்கள். 2025 மே 13-ல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்ததே, அதற்குத் தொடக்கம் வீட்டில் சொன்ன அந்தச் சொல்தான். அதற்கு அவள் கொடுத்த விலையும் கொஞ்சமல்ல. போலீஸ் அதிகாரியே அவள் பெயரை வெளியிட, 25 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டி வந்தது.

"படம் அனுப்பினது அவ தப்புதானே" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அனுப்பாவிட்டால் மட்டும் தப்ப முடியுமா? இன்று பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த ஒரு முகம் போதும். அதை வேறு உடம்பில் ஒட்டி அசல் போலவே படம் செய்து கொடுக்கும் எந்திரம் வந்துவிட்டது. போனையே தொடாத பிள்ளையின் பெயரிலும் நாளை ஒரு படம் வரும். அன்றைக்கு அவள் நம்மிடம் ஓடி வருவாளா, கிணற்றைத் தேடிப் போவாளா என்பது நாம் இன்று பேசுகிற பேச்சில் இருக்கிறது.

பையன்களுக்குத் தீர்மானத்தில் இடமே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்திய சட்டம் தடை செய்யும்வரை, எத்தனை வீட்டில் மகன்கள் அப்பாவின் சம்பளத்தைத் தொலைத்தார்கள் என்று கணக்கெடுத்தால் நம் முகம் சிவக்கும். படத்தைக் காட்டி மிரட்டுகிற கூட்டம் பையன்களையும் விடுவதில்லை. வெட்கத்தால் அவர்கள் இன்னும் ஆழமாக மூடி வைக்கிறார்கள். ரயில் நிலையத்தில் வேலை பார்க்கும் நமக்கு, போனில் பழகியவரைத் தேடி டிக்கெட் இல்லாமல் வந்து இறங்கும் பிள்ளைகள் புதிதல்ல. பிளாட்பாரத்தில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தால், ஆணானாலும் பெண்ணானாலும் முதலில் சொல்வது ஒன்றே: "எங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

இனி நடைமுறைக்கு வருவோம். 2020 ஜூன் 1-ஆம் தேதி கேரளத்தில் வகுப்புகள் டி.வி.க்கும் போனுக்கும் மாறின. அன்றைக்கே மலப்புறம் மாவட்டம் வளாஞ்சேரியில், வீட்டில் டி.வி.யும் ஓடவில்லை, போனும் இல்லை என்று ஒரு தலித் தொழிலாளியின் மகள், பத்தாம் வகுப்புப் போக வேண்டியவள், உயிரை மாய்த்துக்கொண்டாள். அதைக் கேட்டு நடுங்கித்தான் நம்மில் பலரும் தவணையில் போன் வாங்கினோம். இன்றும் வீட்டுப்பாடம், பரீட்சைத் தேதி எல்லாம் வாட்ஸாப் குழுவில்தான் வருகிறது. போனைப் பிடுங்கினால் பாதிப் பள்ளிக்கூடத்தைப் பிடுங்கியதாகும். காயலுக்கு அக்கரையில், எரணாகுளத்தில் இருக்கும் கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் இதைச் சொல்லிவிட்டது. கோழிக்கோடு பக்கம் சேளன்னூரில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் மாலை முதல் இரவு வரை போனைக் கட்டாயமாக வாங்கி வைத்தார்கள். எதிர்த்த மாணவியை வெளியேற்றினார்கள். இணையம் பெறுவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று கூறி, அவளைத் திரும்பச் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அவள் கல்லூரிப் பெண், நம் பிள்ளைகள் சிறுசுகள் என்பீர்கள். சரிதான். சிறு பிள்ளைக்கு இரவில் போனைக் கூடத்தில் வைக்கச் சொல்வதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. அதைப் பையனுக்கும் சொல்லுங்கள், அப்பாவும் வைக்கட்டும்.

நம் பெரியவருக்கு இன்னொன்றை நினைவூட்ட விரும்புகிறோம். சாப்பா முறை என்னவென்று மட்டாஞ்சேரிக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. துறைமுக வேலைக்கு வந்து நிற்கும் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை விட்டெறிவார்கள். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைக்குக் கூலி. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15-ல் துப்பாக்கிச் சூடு நடந்து மூவர் மாண்டார்கள். 2023-ல் வந்த 'துறமுகம்' என்ற மலையாளப் படம் அந்தக் கதைதான். அன்று நம் முன்னோர், "வில்லைக்கு அடித்துக்கொள்ளும் தொழிலாளியைக் கட்டிப் போடுவோம்" என்று தீர்மானம் போடவில்லை. எறிகிறவன் கையைப் பிடித்தார்கள். இன்று லைக் என்றும் ஃபாலோயர் என்றும் நம் பிள்ளைகள் நடுவே வில்லை எறிகிறவன் யார்? அமெரிக்காவில் ஃபேஸ்புக் கம்பெனியில் வேலை பார்த்த பிரான்சிஸ் ஹாகன் என்ற பெண்மணி 2021-ல் உள் ஆவணங்களை வெளியே கொண்டு வந்தார். வளரிளம் பெண்களில் மூவரில் ஒருவருக்குத் தன் உடம்பைப் பற்றிய வேதனையை இன்ஸ்டாகிராம் அதிகமாக்குகிறது என்று கம்பெனியின் சொந்த ஆய்வாளர்களே எழுதி வைத்திருந்தார்கள். தெரிந்தே கடை நடத்தினார்கள்.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் இத்தகைய தளங்களில் கணக்கு வைக்கக் கூடாது என்றாகிவிட்டது. அதுவும் தடைதானே என்று சிலர் கேட்கலாம். தடையால் பிள்ளைகள் திருந்துவார்களா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. ஆனால் அங்கே அபராதம் பிள்ளைக்கும் இல்லை, பெற்றவர்களுக்கும் இல்லை. கம்பெனிக்கு, 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை. நம் நாட்டில் 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. நல்லதுதான். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியப் பொறுப்புகளை நிறைவேற்ற அதிலிருந்து 18 மாத அவகாசம். அந்தச் சம்மதத்தை எந்த மொழியில் கேட்பார்கள் என்பது நம் கவலை. வேளி டோபிகானாவில் துணி அலசுகிற அக்காவுக்கு ஆங்கிலத்தில் நாலு பக்கம் காட்டிப் பொத்தானை அழுத்தச் சொன்னால், அது பழைய கைநாட்டேயன்றி வேறல்ல.

மொழி என்றதும் புகார் கொடுக்கப் போன கதை வருகிறது. எந்தக் காவல் நிலையம் என்பது முக்கியமல்ல. தாய்க்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. எழுதிக் கொடுத்த தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிள்ளையை எல்லோரும் நடமாடும் கூடத்தில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இப்படிச் சொல்லவில்லை. பிள்ளைக்குப் புரியாத மொழியில் எழுதினால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று 19-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வாங்க வேண்டும் என்கிறது 24-ஆம் பிரிவு. இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. இவற்றை நாம் கேட்டுப் பெறவில்லை. கேட்கத் தெரிந்த ஒருவர் அன்று கூடப் போகவில்லை. அது சங்கத்தின் குறை, நம் குறையும்தான்.

அதைவிட வெட்கக்கேடு ஒன்று. செய்தி பரவியதும், "ஆதாரத்துக்கு வேண்டும், அந்தப் படத்தை அனுப்பு" என்று நம் உறுப்பினர் ஒருவரே கேட்டிருக்கிறார். அண்ணாச்சி, அதைப் போனில் வாங்கி வைப்பதே உங்களைச் சிறைக்கு அனுப்பும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவில் முதல் தடவைக்கே ஐந்து வருடம் வரை தண்டனை உண்டு. பார்த்ததும் வைத்திருந்ததும் குற்றமல்ல என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23-ல் ரத்து செய்துவிட்டது.

ஆகவே நாம் மாற்றுத் தீர்மானம் ஒன்று கொண்டு வருகிறோம். நம் பிள்ளை எதைச் செய்துவிட்டு வந்து சொன்னாலும், சொன்னதற்காகப் போனும் படிப்பும் பறிபோகாது என்று ஒவ்வொரு உறுப்பினரும் வீட்டில் வாக்குக் கொடுப்பது முதலாவது. காவல் நிலையத்துக்குக் கூடப் போக, இரண்டு மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு பெண்கள் முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் சங்க நிதியிலிருந்து தருவது அடுத்தது. கேரளக் கல்வித் துறையின் கைட் நிறுவனம் 2022-ல் லிட்டில் கைட்ஸ் மாணவர்களைக் கொண்டே அம்மாமாருக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பு நடத்தியது. அதைப் போல ஒன்றைத் தமிழில் நம் சங்க அறைக்குக் கொண்டு வர விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறோம்.

அதுவரை அவசரத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். மிரட்டுகிறவனுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மீண்டும் கேட்பான். கோபத்தில் அந்தப் பேச்சுக்களை அழித்துவிடாதீர்கள், சாட்சி அதுதான். சைபர் குற்றத்துக்கு 1930, பிள்ளைகள் உதவிக்கு 1098. அமெரிக்க மையம் ஒன்று நடத்தும் 'டேக் இட் டவுன்' என்ற தளத்தில் பிள்ளையே பெயர் சொல்லாமல் பதியலாம். படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் அடையாளக் குறி மட்டும் போகும். இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட, அதில் சேர்ந்த தளங்கள் அதைக் கொண்டு படத்தைத் தடுக்கும்.

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறாள். போன் அவளிடம்தான் இருக்கிறது. தகப்பன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று தாய் சொன்னார். சென்ற கூட்டத்தில் கைதட்டியவர்களை எண்ணிப் பார்த்தோம். பெண்கள் மூன்றே பேர். இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைத்தால் எந்த அம்மா வர முடியும்? இந்தத் தடவை பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு. வீட்டில் உள்ள பெண்களையும் அழைத்து வாருங்கள்; வாக்கு அவர்களுக்கும் உண்டு.