சோம்பலா, சுரப்பியின் கோளாறா?



குடும்பப் பெண் ஒருத்தி சில மாதங்களாக ஓயாது களைப்புறுகின்றாள். மற்றவர்க்கு இதமான குளிர் அவளை நடுக்குகின்றது. உணவு குறைந்தும் உடல் பருக்கின்றது, தலைமயிர் உதிர்கின்றது, மாதவிடாயும் ஒழுங்கு தவறுகின்றது. வீட்டார் அவளைச் சோம்பேறி என்பர். அயலார் வயதின் கோலம் என்பர். உண்மைக் காரணமோ, கழுத்தின் முன்புறத்தே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த தைரொயிட் சுரப்பி தன் ஓமோனைப் போதிய அளவு சுரவாமையாக இருத்தல் கூடும்.

கண்டிச் சீமைக்குக் கழுத்துக் கழலை புதிதன்று. அயடீன் குறைவே அதற்கு ஒரு முக்கிய காரணமாகக் கொள்ளப்பட்டது. இலங்கையில் உண்ணும் உப்பில் அயடீன் சேர்க்கும் திட்டம் 1995இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் நல்ல உப்பு உண்கின்றோம் என்று வாளாவிருத்தலாகாது. உடலின் காவற்சக்தியே சுரப்பியைத் தாக்கி நலிவிக்கும் நோயும் உண்டு. 1912இல் ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ விவரித்த அந்நோயை உப்பு தடுக்காது.

கழுத்து வீங்கவில்லை என்பதனால் நோயில்லை என்று முடிவு செய்தலும் தவறு. டி. எஸ். எச். எனும் இரத்தப் பரிசோதனையே தக்க வழி. சுரப்பி சோர்ந்தால், அதனைத் தூண்டும் இவ்வோமோன் பெரும்பாலும் உயரும். ஐயத்துக்கிடமானால் வைத்தியர் வேறு பரிசோதனைகளும் செய்விப்பார்.

தோட்டத்திலோ கிராமத்திலோ இருப்போர் முதலில் அருகிலுள்ள வைத்தியரைக் கண்டு, தேவையாயின் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ கடிதம் பெற்றுச் செல்லலாம். அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே கூட்டம் மிகுதி. பேசக் கிடைக்கும் நேரமோ சொற்பம். ஆதலின் நோய்க்குறிகள் எப்போது தோன்றின, குடும்பத்தில் எவருக்கு இந்நோய் உண்டு, என்னென்ன மருந்துகள் உட்கொள்கின்றீர்கள் என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். பழைய பரிசோதனைச் சீட்டுகளையும் மறவாதீர்கள். மாதவிடாய் பற்றிக் கூறக் கூச்சப்பட வேண்டா. "தைரொயிட்டைப் பரிசோதிக்க வேண்டுமா, ஐயா?" என்று பணிவுடன் கேட்பது குற்றமாகாது.

இந்நோய்க்கு நல்ல மருந்துண்டு. 1891இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் மரே எனும் வைத்தியர் ஆட்டின் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் ஏற்றிய மாது, அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று ஒரு சிறு தைரொட்சின் மாத்திரை போதும். அதனை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழிந்தபின்னரே தேநீர் அருந்துக. இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணிநேர இடைவெளி வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களில் மீண்டும் இரத்தம் சோதித்து அளவு திருத்தப்படும். உடல் தேறியதென்று மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. கருவுற்றால் உடனே வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும். கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சிக்கும் தாயின் இவ்வோமோன் தேவை.

ஆகவே, இல்லத்து ஆடவரே, மாமியாரே, களைத்து அமர்ந்த பெண்ணைக் கடிந்துரைக்குமுன் ஒருமுறை அவளை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.