வாசல் இரண்டு, அளவுகோல் ஒன்று

கற்றவர் யார்? பட்டச் சான்றிதழைச் சுவரிலே தொங்கவிட்டிருப்பவரா? அன்றி, மழையின் குறிப்பறிந்து விதைத்து, நோயின் குறியறிந்து பயிர் காத்து, முப்பது போகங்களாக மண்ணைப் படித்தவரா? இருவரும் கற்றவரே என்று மேடையிற் சொல்லிக் கைதட்டல் பெறுவது எளிது. இரண்டாமவர் பல்கலைக்கழக வாசலில் வந்து நின்றால், அவருடைய அறிவுக்கு அங்கே என்ன மதிப்பு? இதுவே கடினமான கேள்வி. வன்னி மக்கள் இன்று விடை காணவேண்டிய கேள்வியும் இதுவே.

வேறிடத்தில் இது கல்விமான்களின் வாதமாக இருக்கலாம். வன்னியில் இது வாழ்க்கைப் பிரச்சினை. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது பதினேழு வயதாயிருந்தவர் இன்று முப்பதைக் கடந்துவிட்டார். அவர் பரீட்சை எழுதவேண்டிய காலம் பதுங்குகுழியிலும், பின்னர் செட்டிகுளத்து முகாமிலும் கழிந்தது. முகாமிலிருந்து மீண்டபோது குடும்பப் பாரம் தோளில் ஏறிற்று. அவர் படிக்கவில்லை என்று சொல்வது எங்ஙனம் நியாயமாகும்? அவரைப் படிக்க விடவில்லை என்பதன்றோ உண்மை!

இளைஞருக்கு இன்று வாசல்கள் திறந்தே இருக்கின்றன. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக அமைந்த வவுனியா வளாகம், 2021 ஆகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இயங்குகின்றன. அதே அறிவியல் நகரில் 2016இல் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் திறக்கப்பட்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்றும் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களென ஏற்கப்பட்டு, பல்கலைக்கழக அனுமதியில் அதற்குரிய சலுகையும் பெறுகின்றன. ஆனால் இந்தச் சலுகை யாவும் உயர்தரப் பரீட்சையை வாசற்படியாகக் கொண்டவை. அந்தப் படியில் ஏறும் வயதிலே ஓடிக்கொண்டிருந்தவருக்கு அவற்றால் என்ன பயன்?

வகுப்பறையில் அமராமலே பட்டம் பெறுவது நமக்குப் புதுமையன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் வெளிவாரிப் பரீட்சார்த்திகளுக்குத் தன் பட்டத்தைத் திறந்துவிட்டது. 1921இல் தோன்றிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவரும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறக்கும்வரை, அந்த இலண்டன் பரீட்சையையே எழுதினர். எங்கே இருந்து படித்தாய் என்று இலண்டன் கேட்கவில்லை. என்ன தெரியும் என்றே கேட்டது. 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் பாடசாலைச் சான்றிதழ் இல்லாதவர் அடித்தளப் பாடநெறியில் தொடங்கிப் பட்டம்வரை செல்ல வழி வைத்திருக்கிறது.

தொழிலறிவுக்கும் ஏணி உண்டு. தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் தகைமைச் சான்றிதழான டிப்ளோமா, ஏழாவது பட்டம். வகுப்புக்கே போகாத மேசனும் மோட்டார்த் தொழிலாளியும் தம் கைத்திறனை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டிச் சான்றிதழ் பெற இதில் இடமுண்டு. இலங்கைத் தகைமைச் சட்டகமோ, ஏறத்தாழ 50 மணிநேரக் கற்றலை ஒரு புள்ளியாகக் கணக்கிட்டு, முன்னர் கற்றதை மதித்துப் புள்ளி வழங்கலாம் என்று கூறுகின்றது. ஏட்டிலே எல்லாம் உண்டு. ஆனால் தொழிற்றகைமையாளரைப் பட்டதாரியாக்கவென 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழில்நுட்பவியற் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் இரத்மலானையில் இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல்! பிள்ளைகளையும் வயலையும் விட்டு ஒரு தாய் அங்கே போவது நடக்கக்கூடிய காரியமா?

வகுப்பறையின் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆய்வுகூடமும் நூலகமும், ஆசிரியரின் கண்பார்வையும், தோழருடன் வாதிட்டுத் தெளிதலும் வேறெங்கும் கிடையா. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அதுவே உரிய இடம். வயலிலே படித்தால் போதும் என்று மகனைப் பாடசாலையிலிருந்து மறிக்கும் தகப்பனுக்கு இக்கட்டுரை சாட்சி சொல்லாது. வாய்க்கால் நீரை அளந்து பாய்ச்சத் தெரிந்தவருக்கு இரசாயனமும் தெரியும் என்று கொள்வதும் தவறு. தெரிந்த பாடத்துக்குப் புள்ளி கொடுக்க வேண்டும். தெரியாத பாடத்தைக் கற்பிக்க வேண்டும்.

அளவுகோலைப் பற்றி நமக்கு ஒரு கசப்பான நினைவு உண்டு. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, அளவுகோல் மொழிக்கொன்றாக மாறியதைக் கண்டு கொதித்தெழுந்தவர்கள் நாம். அன்று நாம் கேட்டது சலுகையன்று, ஒரே அளவுகோல். இன்று நம்மவருக்கென இலகுவான பட்டம் கேட்டால், அன்றைய வாதத்தை நாமே பொய்யாக்கியவராவோம். வன்னியார் பட்டம் மலிவுப் பட்டம் என்ற பெயர் ஒருமுறை ஒட்டினால் ஒரு தலைமுறைக்குக் கழுவ முடியாது. ஆகவே வாசல் இரண்டாக இருக்கட்டும். அளவுகோல் ஒன்றாகவே இருக்கட்டும். இருபது வயது மாணவனும் நாற்பது வயது விவசாயியும் ஒரே தரத்தில் சோதிக்கப்பட வேண்டும்.

நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, அனுபவ அறிவை மதிப்பிடும் நிலையங்கள் வவுனியாவிலும் அறிவியல் நகரிலும் முல்லைத்தீவிலும் தமிழிலே இயங்கவேண்டும். இரண்டாவது, முதியோருக்கான வகுப்புகள் வார இறுதியில் நடக்கவேண்டும். காலபோக அறுவடை நாளிற் பரீட்சை வைத்தலாகாது. மூன்றாவது, இடையில் நின்றவர் பெற்ற புள்ளிகள் அழியாமல் காக்கப்பட்டு, மீண்டு வரும்போது அவர் விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும்.

விவசாயப் பெருமக்களே! பணம் வாங்கிக்கொண்டு சில வாரங்களிற் பட்டம் தருவதாகச் சொல்பவரிடம் ஏமாறாதீர்கள். அந்தப் பத்திரத்தை எந்த அரச அமைப்பு ஏற்கிறது என்று கேட்ட பின்னரே பணத்தை எண்ணுங்கள். பொறியியலாளரே, ஆசிரியரே, விவசாய உத்தியோகத்தரே! உங்கள் சனிக்கிழமைகளில் ஒன்றை இம்மக்களுக்குத் தாருங்கள்.

இரணைமடுக் குளத்து நீர் எந்த வாய்க்கால் வழியே வந்ததென்று பயிர் கேட்பதில்லை. நீர் நல்ல நீராகவும், வேளைக்கு வந்து சேர்வதாகவும் இருந்தாற் போதும். அறிவுக்கும் அதுவே நீதி. இடது கரைக்கும் வலது கரைக்கும் நீர் விடத் தெரிந்த நாடு, இருவகை மாணவருக்கும் வழி விடத் தெரியாமல் நிற்பது அழகன்று.