இலங்கைக்குக் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

ராஜபாளையத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் சென்னை போய்ச் சேர ஒரு ராத்திரி முழுக்க ஆகும். அதே ஆள் மதுரை ஏர்போர்ட்டில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் கொழும்பு.

சிக்கல் இந்தக் கிட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது. சிங்கப்பூர் போகிறவர் பத்துப் பேரிடம் விசாரித்துவிட்டுப் பெட்டி கட்டுவார். இலங்கை என்றால் கொடைக்கானலுக்குப் போகிற மாதிரி கிளம்பிவிடுவார். "அங்கேயும் தமிழ்தானே, சோறு கிடைக்கும், அப்புறம் என்ன?" இந்த நினைப்பை மாற்றிக்கொள்வதுதான் முதல் தயாரிப்பு.

சாதாரண விஷயங்களை முதலில் பார்த்துவிடலாம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசா அனுமதியை இணையத்திலேயே வாங்கிவிடலாம். அதற்கு இலங்கை அரசின் தளத்துக்கு மட்டும் போக வேண்டும். பார்க்க அதே போல இருக்கும் தனியார் தளங்கள் கூடுதல் பணம் கறக்கும். கட்டண விதிகள் 2023-க்குப் பிறகு பலமுறை மாறியிருப்பதால், போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாமல் அன்றைய விதியைப் பார்ப்பது நல்லது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கியது. வடகிழக்குப் பருவ மழையில் அதை நிறுத்திவைத்ததும் உண்டு. கப்பலை நம்பித் தேதி குறிப்பவர்கள் முதலில் அதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது மழை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. இலங்கையில் இரண்டு மழை. மே முதல் செப்டம்பர் வரை கொழும்பு, காலி பக்கம் நனையும். அக்டோபர் முதல் ஜனவரி வரை வடக்கும் கிழக்கும் நனையும். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு போகிறவர்களுக்குத் திருகோணமலை, மட்டக்களப்பு பக்கம்தான் சரி. நுவரெலியா 6,000 அடிக்கு மேல் இருக்கிறது, எந்த மாதமானாலும் ஸ்வெட்டர் வேண்டும். 2025 நவம்பரில் டிட்வா புயல் மலைநாட்டில் கடும் மண்சரிவை உண்டாக்கியது. அதனால் மலை ரயிலும் சாலையும் எப்படி இருக்கின்றன என்று கேட்டுவிட்டு அறை பதிவு செய்வது நல்லது.

ஐந்தே நாளில் முழு இலங்கை என்று விற்கப்படும் பேக்கேஜ்களை ஒதுக்கிவிடலாம். தீவு தமிழ்நாட்டில் பாதிதான். ஆனால் கொழும்பிலிருந்து கண்டிக்கு உள்ள 115 கிலோமீட்டரைக் கடக்கவே மூன்று மணி நேரம் ஆகிவிடும். பாதித் தீவைப் பார்த்தால் போதும். மிச்ச நேரத்தில் சின்னத் தங்கும் விடுதியில் இருந்து, தெருக்கடையில் சாப்பிட்டால், 2022-இல் பொருளாதாரம் விழுந்து எழுந்த ஊரில் பணம் சேர வேண்டியவர்களிடம் சேரும். சிகிரியா போன்ற இடங்களில் சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். யூபிஐ 2024 பிப்ரவரியில் அங்கே வந்துவிட்டது என்றாலும் எல்லாக் கடையிலும் ஓடாது, கையில் இலங்கை ரூபாய் இருக்கட்டும். ராஜபாளையம் மாம்பழத்தைக் கூடையோடு கொண்டுபோக வேண்டாம். பழம், செடி, விதைக்கெல்லாம் அனுமதி கேட்பார்கள்.

சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே மரக்கறி என்றால் காய்கறி, பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது தேங்காய்ச் சம்பலுக்கு. அதில் மாசி என்கிற காய்ந்த மீனைப் போட்டு இடிப்பார்கள். கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

விகாரைகளில் செருப்பு, தொப்பி ஆகாது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது. கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்ததற்காக ஒரு பிரிட்டிஷ் பயணியை 2014-இல் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பௌர்ணமி நாள் அங்கே போயா விடுமுறை; மதுக்கடை திறக்காது.

இதெல்லாம் எந்தப் பயணக் கையேட்டிலும் கிடைக்கும். கையேட்டில் இல்லாதது பேச்சு.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவைப் பார்த்ததும் தென்மாவட்டத்துக்காரர் வாஞ்சையோடு கேட்கிற முதல் கேள்வி, "நீங்க இந்தியாக்காரங்கதானே?" சொந்தம் கொண்டாடுவதில் என்ன தப்பு என்று தோன்றும். மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம், திருச்சி பக்கங்களிலிருந்து போனவர்களின் வாரிசுகள் அங்கே நிறையப் பேர் என்பதும் உண்மைதான். ஆனால் "நீ இந்தியன்" என்று சொல்லித்தான் 1948-இல் அவர்களில் பெரும்பாலானவர்களின் குடியுரிமை போனது. 1964-இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி தீர 2003 வரை ஆனது. மலையகத்துக்கு வந்து 200 ஆண்டு ஆனதை 2023-இல் அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். அது அவர்கள் ஊர். எந்த ஊர் என்று கேட்டால் ஹட்டன், பதுளை என்று பெருமையாகச் சொல்வார்கள். அப்படிக் கேட்டாலே போதும். கூடையை வாங்கி மாட்டிக்கொண்டு போட்டோ எடுப்பதற்கு முன்னால் அனுமதியும் கேட்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இன்னும் நிதானம் வேண்டும். 2009-இல் முடிந்த போரைச் சினிமாக் கதை போல விசாரிக்கக் கூடாது. எதிரே இருப்பவர் வீட்டில் யாரை இழந்தார் என்பது கேட்பவருக்குத் தெரியாது. அவராகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்கலாம். "அப்பவே இப்படிச் செஞ்சிருக்கணும்" என்கிற தீர்ப்பை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

விசா சீக்கிரம் வந்துவிடும். வாயை அடக்குகிற பழக்கத்துக்குத்தான் நாள் பிடிக்கும். டிக்கெட் போட்ட அன்றே அதையும் தொடங்கிவிடலாம்.