பல்லாவரத்து மேடும் பக்கத்து வீடுகளும்

பூந்தமல்லிக்குத் தென்கிழக்கே ஜமீன் பல்லாவரத்தில் ஒரு மேடு இருக்கிறது. பெருங்கற்கால மக்கள் தம் இறந்தோரைப் புதைத்த இடமாதலால், இந்தியத் தொல்பொருள் இலாகா அதைத் தன் பாதுகாப்பில் வைத்திருக்கிறது. சுற்றிலும் வாழும் ஜனங்களோ, வீடு கட்டவும் மாடி எழுப்பவும் இயலவில்லையென்று நெடுநாளாக முறையிட்டு வருகிறார்கள்.

பல்லாவரம் சாமானியமான ஊரன்று. 1863-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி ராபர்ட் புரூஸ் பூட் துரை இங்கே கண்டெடுத்த கற்கருவியே இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சிக்கு வித்திட்டது. மேட்டுக்குத் தீங்கு நேர நாம் ஒருகாலும் சம்மதியோம்.

எனினும் சட்டத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம். 1958-ம் வருஷத்துச் சட்டம் 2010-ல் திருத்தப்பட்டது. எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும். 100 மீட்டருக்குள் மீறிக் கட்டினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்கும் இதே அளவுகோல். வீடுகளினிடையே கிடக்கும் புதைமேட்டுக்கும் இதே அளவுகோல்! ஆனால், ஒவ்வோரிடத்துக்கும் அதனதன் நிலைமைக்கேற்ற உபவிதிகள் வகுக்கவேண்டுமென்றும் அதே சட்டம் விதிக்கிறது. 1992 ஜூன் 16-க்கு முன்னிருந்த வீடுகளைப் பழுதுபார்க்க அனுமதி கோரலாமென்றும் கூறுகிறது. இதையறிந்த வீட்டுக்காரர் எத்தனை பேர்? தண்டனைப் பிரிவுக்குள்ள பிரசித்தி சலுகைப் பிரிவுக்கு இல்லை.

எல்லையை அளந்து கல் நடுக. படத்தையும் விதிகளையும் தமிழில் தாம்பரம் மாநகராட்சி அலுவலகத்திலும் பத்திரப் பதிவு அலுவலகத்திலும் ஒட்டுக. மனை வாங்கிப் பணம் கொடுத்த பின்னர் ஒருவன் கையில் நோட்டீஸைத் திணிப்பது நியாயமாகாது.