சாயத்தொட்டியும் கமலைக் கிணறும்

நெசவாளர் பிரச்சினை வேறு, உழவர் பிரச்சினை வேறு என்று சங்க உறுப்பினர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறு என்பதே நம் கருத்து.

நொய்யலாற்றை நோக்குவோம். பாசனத்திற்கென ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டப்பட்டது. திருப்பூர்ச் சாயக்கழிவு அதில் தேங்கிற்று. நீரும் நிலமும் உப்பேறின. உழவர் வழக்குத் தொடுத்தனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. முதலில் உழவர் வயல் வாடிற்று. பின்னர்த் தொழிலாளர் அடுப்பு அணைந்தது.

கழிவு நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் உப்பைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். எஞ்சியதைக் காய்ச்சி வற்றச்செய்ய எரிபொருள் வேண்டும். கிணறு ஆழ ஆழ, நீர் இறைக்கவும் மின்சாரம் மிகுதியாகவே செலவாகும். 1990 முதல் தமிழக உழவருக்கு மின்சாரம் இலவசமே. நிலத்தடி நீர் அவ்வாறு பெருகி வருவதன்று.

ஆலங்குளம் வட்டாரம் வானம் பார்த்த கரிசல் பூமி. "நம் சாயத்தொட்டி சிறியதுதானே" எனச் சிலர் வினவலாம். உண்மை, ஆனால் அதன் நீரைக் கரைத்துச் செல்லும் பேராறு இங்கு இல்லை. சிறு கழிவும் அருகிலுள்ள கிணற்றிலேயே சேரும்.

ஆதலின் தனித்தனியே சாயமிடுவதை விடுத்து, பொதுச் சாயச்சாலையும் சுத்திகரிப்புத் தொட்டியும் அமைப்பதைப் பொதுப்பேரவை ஆராய வேண்டும். கண்மாயின் வண்டலை வயலுக்கு எடுத்தால் கண்மாயும் ஆழமாகும், மண்ணும் வளம்பெறும். செலவு உண்டு. அதை இன்று பகிர்ந்துகொள்ளாவிடில், நாளை இழப்பைப் பகிர்ந்துகொள்ள நேரும்.